கேமராவுக்குக் கரண்ட் பத்தல

“கரண்ட் வருது. ஆனா வேகம் பத்தல” என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

குரல் ஜெயபாலனுடையது. ஆனால் வெளியே நின்றவர்களுக்கு அவருடைய இரண்டு கால்கள் மட்டுமே தெரிந்தன. அவை ஓட்டுநர் பக்கத்துக் கதவு வழியாக நீண்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தலை பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் எங்கோ செருகியிருந்தது. சுங்கை சிப்புட்டில் அந்தக் குடியிருப்புத் தாமானில் எல்லோருக்கும் இந்த இரண்டு நாட்களில் அவருடைய உள்ளங்கால் நன்றாகப் பழகிவிட்டது.

“என்ன அண்ணே, இன்னும் பத்தலயா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் தினேஸ்வரி. அடுத்த வீட்டுக்காரி. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு, கையில் கோப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

“எப்படிப் பத்தும்? வயரு இவ்ளோ நீளம். தண்ணியா இருந்தா பாதி வழியிலயே நின்னுடும்.”

ஜெயபாலன் குடிநீர் விநியோகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றுதான், குழாய்தான் வேறு என்பது அவருடைய சித்தாந்தம். இதை அவர் பல எலெக்ட்ரீஷியன்களுக்கு விளக்கியிருக்கிறார். விளக்கம் கேட்ட எவரும் அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை வந்ததில்லை.

கேமராவைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினார். புதன் மாலை காரின் முன்கண்ணாடியில் ஒட்டினார். உடனே இணைத்துவிடவில்லை. வியாழக்கிழமை காலை நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்து, குளித்து, வேட்டி கட்டி, சிகரெட் பற்றவைக்கும் துளையில் வயரைச் சொருகினார். ‘டிங்’ என்று ஒரு சத்தம். நீல விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சீனத்தில் ஏதோ சொல்லியது. ஆனால் அவரைப் பார்த்திருந்த சின்னத் திரை மட்டும் அமாவாசையாகவே இருந்தது.

“என்னங்க சொல்லுது?” என்று கேட்டாள் மனைவி புஷ்பலதா.

“பிரஷர் பத்தலங்குது.”

“சீனத்துல அப்படியா சொன்னுச்சு?”

“குரல்லயே தெரியல? எவ்ளோ சோர்ந்துபோய் பேசுது பாரு.”

புஷ்பலதா பார்த்தாள். ஒத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

இந்தக் கேமரா வேலை செய்தே ஆகவேண்டும். அதில் ஜெயபாலனின் பதவி தொங்கிக்கொண்டிருந்தது.

பதவி என்றால் கோயில் மண்டபக் குழுத் தலைவர் பதவி. ஓய்வு பெற்ற பிறகு வெளியுலகம் அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. வங்கியில் அங்கிள், கிளினிக்கில் அங்கிள், மீன் கடையில்கூட அங்கிள். மண்டபத்தில் மட்டும்தான் அவர் ‘தலைவரே’. அங்கே அவருக்கென்று துண்டு விரித்த நாற்காலி உண்டு. அவர் பேசும்போது ‘இந்த வேளையிலே’ என்று ஆரம்பித்தால், மண்டபத்தில் இருப்பவர்கள் செருப்பைத் தேடுவார்கள். ஆனால் எழுந்து போகமாட்டார்கள். அந்த மரியாதை போதும் அவருக்கு.

போன மாதம் அவருடைய காரின் இடது பக்கப் பின்கதவில் ஒரு கீறல் விழுந்தது. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கருஞ்சிவப்புக் கார். கீறலுக்குள் வெள்ளை வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. மறு வாரம் அதற்குக் கீழே இன்னொன்று. மண்டபத்து வாசலில் அவருக்கு இடது பக்கம் கார் நிறுத்துகிறவர் குழுவின் செயலாளர் சதாசிவம். ஓய்வு பெற்ற ஆசிரியர். மண்டபத்துக்கு ஏர்கண்டிஷன் வேண்டாம், மின்விசிறியே போதும் என்று தலைவரை எதிர்த்துப் பேசியவர். அவருடைய கார் வெள்ளை.

இதற்குமேல் ஆதாரம் எதற்கு?

“ஆதாரம் இருக்கா தலைவரே?” என்று குழுக் கூட்டத்தில் சதாசிவம் அமைதியாகக் கேட்டார்.

“இருக்கும்!” என்றார் ஜெயபாலன். “வர்ற ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டத்துல, அத்தனை பேரு முன்னால, படம் போட்டுக் காட்டறேன். காட்டலன்னா அதே மேடையில பதவிய ராஜினாமா பண்ணிட்டு, உங்க கிட்ட மன்னிப்பும் கேக்கறேன்.”

சொன்ன பிறகுதான் கேமரா வாங்கப் போனார்.

முதல் வைத்தியம், அடைப்பு எடுப்பது. சிகரெட் துளைக்குள் அழுக்கு அடைத்திருக்கும், அதனால்தான் கரண்ட் ஒழுங்காக வரவில்லை என்று முடிவு செய்து, ஸ்குரூட்ரைவரை உள்ளே விட்டு ஒரு குடை குடைந்தார். ‘பட்’ என்று நீலமாய் ஒரு பொறி. துளை செத்தது. கேமரா செத்தது. அதுவரை நன்றாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கைத்தொலைபேசியும் கூடவே பட்டினி கிடந்தது.

“அடைப்பு போயிடுச்சாண்ணே?” என்றாள் தினேஸ்வரி.

“அடைப்பு போயிடுச்சு. கூடவே கரண்டும் போயிடுச்சு.” ஜெயபாலன் கையை உதறிக்கொண்டார். அபூர்வமாய் ஒரு பணிவு அவருக்குள் எட்டிப் பார்த்தது. “பேசாம கடையில காட்டிடலாமான்னு பாக்கறேன்.”

“கடைக்கா?” தினேஸ்வரி கோப்பையை வேலிக்கல் மேல் வைத்துவிட்டாள். “அலாமாக், அண்ணே! கடைக்காரன் வயர ரெண்டு முறுக்கு முறுக்கிட்டு, புதுக் கேமராவ உங்க தலையில கட்டிடுவான் லா. உங்களுக்குத் தெரியாததா அவனுக்குத் தெரிஞ்சிடப் போவுது?”

“அதானே” என்றாள் புஷ்பலதா வாசலிலிருந்து. “ஊருக்கே தண்ணி விட்டவரு. ஒரு கேமராவுக்குக் கரண்டு விடத் தெரியாதா?”

எட்டிப் பார்த்த பணிவு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இரண்டாம் வைத்தியம், பியூஸ் பெட்டி. ஸ்டேரிங்குக்குக் கீழே, மூடியைத் திறந்தால் கலர் கலராய்ச் சின்னச் சின்னப் பியூஸ்கள். ஜெயபாலனுக்கு அது வால்வுகள் நிறைந்த பம்பு அறையாகத் தெரிந்தது. கருகிப்போன பியூஸ் ஒன்றுதான். ஆனால் ஒரு வால்வைக் கழற்றினால் எல்லா வால்வையும் கழற்றித் துடைத்து மாட்டுவதுதான் அவர் கற்ற ஒழுங்கு. எல்லாவற்றையும் கழற்றினார். துடைத்தார். பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினார். காற்று வந்தது. செய்தித்தாள் மடிந்தது.

“எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காங்க?” என்றாள் புஷ்பலதா.

“கலர் பாத்து மாட்டினா போச்சு.”

சிவப்பு மட்டும் ஏழெட்டு இருந்தது.

மாட்டி முடித்ததும் கேமராவின் நீல விளக்கு மறுபடி எரிந்தது. சீனப் பெண்ணும் பேசினாள். திரை மட்டும் கறுப்பு. அதோடு, கருகிய பியூஸ் இடம் மாறிப்போனதில் ஹாரன் அடிக்கவில்லை. வலது பக்கக் கண்ணாடி பாதியில் இறங்கி நின்றுகொண்டது, ஏற மறுத்தது. அன்று சாயந்திரம் வழக்கம்போல் ஒரு மழை பிடித்தது. மண்டபத்துக்குப் போகிற வழியில் தலைவர் ஒரு கையால் ஸ்டேரிங்கையும், மறு கையால் ஜன்னலுக்கு வெளியே குடையையும் பிடித்துக்கொண்டு ஓட்டினார். எதிரே வந்த லாரிக்கு ஹாரனுக்குப் பதிலாகத் தானே “ஓய்! ஓய்!” என்று கத்தினார். லாரிக்காரன் தெரிந்தவர் போலிருக்கிறது என்று கை அசைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் வைத்தியத்துக்கு அவர் இரவெல்லாம் யோசித்தார்.

“கிளைக் குழாயில பிரஷர் பத்தலன்னா என்ன செய்யணும்?” என்று காலையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

“என்ன செய்யணும்?” என்றாள் புஷ்பலதா.

“மெயின் குழாயில இருந்து நேரா எடுக்கணும்.”

பேட்டரியிலிருந்து நேராக எடுத்தார். நடுவில் சுவிட்சு கிடையாது. மெயின் குழாய்க்கு எதற்குச் சுவிட்சு? நீல விளக்கு முன்னைவிடப் பிரகாசமாய் எரிந்ததாக அவருக்குப் பட்டது. இரவு முழுக்க எரிந்தது. மறுநாள் சாவியைத் திருப்பியபோது கார் ‘க்ளுக்’ என்று ஒரு விக்கல் விக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

இதில் ஜெயபாலனைவிட அதிகமாக அதிர்ந்தது புஷ்பலதாதான். “ஐயையோ, கார் ஓடாதா? மத்தியானத்துக்குள்ள சரியாயிடுமா?” என்று கையைப் பிசைந்தாள். தன் காருக்காக அவள் இப்படித் துடிப்பதைப் பார்த்து ஜெயபாலனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இவள் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டாள். கியர் எது, கிளட்ச் எது என்றுகூடக் கேட்டதில்லை. ஆனாலும் எவ்வளவு பாசம்!

“பயப்படாத அக்கா, நான் இருக்கேன் லா” என்று தினேஸ்வரி வேனை ரிவர்ஸில் எடுத்து, வேலி மேலும் படாமல் பூந்தொட்டி மேலும் படாமல் ஒரே திருப்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். கேபிள் போட்டுக் காரை உசுப்பினாள்.

“பொம்பளைங்களுக்கு ரிவர்ஸ் இவ்ளோ நல்லா வர்றது ரொம்ப ஆச்சரியம்” என்று ஜெயபாலன் மனதாரப் பாராட்டினார்.

“எல்லாம் பழக்கம்தாண்ணே” என்றாள் தினேஸ்வரி. புஷ்பலதா அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்துவிட்டது. அடுத்த நாள் பொதுக்கூட்டம். ஜெயபாலன் நடு ஹாலில் அங்குமிங்கும் நடந்தார். சட்டென்று நின்றார்.

“டாங்கி!”

“என்னங்க?”

“ஊருத் தண்ணி வரலன்னா வீட்டுக்கு வீடு தனி டாங்கி வைக்கிறோம் இல்ல? கேமராவுக்கும் ஒரு தனி டாங்கி!”

மகள் விட்டுப்போன பவர் பேங்க் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கேமராவோடு இணைத்து, ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிட்டார். நீல விளக்கு அசையாமல் எரிந்தது. திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை அவருக்கு அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

“ஒரு வீட்டுல குழாயத் திறந்தா, பக்கத்து வீட்டுக்கு வராது பாரு, அதுதான். கரண்டெல்லாம் ரெக்கார்ட் பண்ற வேலைக்குப் போயிடுது. திரைக்கு மிச்சம் இல்ல. நமக்குத் திரை எதுக்கு? படம் உள்ள இருந்தா போதும்.”

“கரெக்டுங்க” என்றாள் புஷ்பலதா.

நிம்மதியாகச் சாப்பிட்டார். வழக்கமான மத்தியானத் தூக்கம் போட்டார். ஜெயபாலனின் மத்தியானத் தூக்கம் அந்தத் தாமானில் பிரசித்தம். பக்கத்தில் கூரை மாற்றினாலும் கலையாது. எழுந்து, முகம் கழுவி, மண்டபத்தில் ஏற்பாட்டுக் கூட்டத்துக்குப் போனார். வேண்டுமென்றே சதாசிவத்தின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கூட்டம் முடிந்து வந்து பார்த்தால், இடது பக்கப் பின்கதவில் புத்தம் புதிதாய் மூன்றாவது கீறல்.

தன் காரில் விழுந்த கீறலைக் கண்டு துள்ளிக் குதித்த மனிதர் பேராக் மாநிலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

“மாட்டிக்கிட்டான்! புஷ்பா, மாட்டிக்கிட்டான்!” என்று வீட்டுக்குள் ஓடிவந்தார்.

“போட்டுப் பாத்தீங்களா?”

“இங்க பாக்கறதா? சபையில சீல் உடைக்கற மாதிரி உடைக்கணும். முதல்ல நானே பாத்தா, நான்தான் ஏதோ வேலை பண்ணிட்டேம்பாங்க.”

“அதுவும் சரிதான். சபையிலயே திறங்க. அதுதான் உங்களுக்கு மரியாதை” என்றாள் புஷ்பலதா நிதானமாக.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. வழக்கமாகப் பொதுக்கூட்டத்துக்கு வராதவர்கள்கூட, ஈப்போவிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். கணக்கு வாசிப்பதைக் கேட்க யாரும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். புஷ்பலதாவும் தினேஸ்வரியும் மூன்றாவது வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயபாலன் கேமராவைக் காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, மேடை மேசையில் சிவப்புப் பட்டுத் துணி விரித்து, அதன் முகம் மக்களைப் பார்க்கும்படி வைத்தார். படம் பதிவாகும் மெமரி அட்டையை மட்டும் உருவி, ஒலிபெருக்கியையும் மடிக்கணினியையும் பார்த்துக்கொள்ளும் சின்னையாவிடம் கொடுத்தார்.

“இந்த வேளையிலே” என்று ஆரம்பித்தார். யாரும் செருப்பைத் தேடவில்லை. “உண்மை என்பது தண்ணீர் மாதிரி. எங்க ஓட்டை இருக்கோ, அங்க வெளிய வந்துடும். போடுய்யா சின்னையா!”

சின்னையா போட்டார். வெள்ளைத் துணித் திரையில் பழுப்புக் கலரில் ஓர் இருட்டு வந்தது. அடுத்ததைப் போட்டார். அதே இருட்டு. இன்னொன்று. நடுவில் கொஞ்சம் சிவப்பு. மற்றபடி இருட்டு.

“பொழுது சாய்ஞ்சு எடுத்ததா தலைவரே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“பட்டப்பகல்!” என்றார் ஜெயபாலன். மடிக்கணினிப் பக்கம் திரும்பினார். “சின்னையா, உன் மெஷினுக்குக் கரண்டு ஒழுங்கா வருதா பாரு.”

“வருதுண்ணே. ஆனா சவுண்டு வரல. வயரு எங்கியோ கழண்டிருக்கு, பாக்கறேன்” என்று சின்னையா, ஓடிக்கொண்டிருந்த படத்தை அப்படியே விட்டுவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து மறைந்தார்.

அப்போது சதாசிவம் எழுந்தார். மேடைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டுத் துணி மேல் இருந்த கேமராவை உற்றுப் பார்த்தார்.

அதன் முகத்தின் நடுவில், வட்டமாய், அழகாய், கெட்டியாய் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அந்த மண்டபத்தில் மைக்குக்குப் பொட்டு உண்டு. தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு உண்டு. தீயணைப்புச் சிலிண்டருக்குக்கூட உண்டு. கேமராவுக்கு இல்லாதிருந்தால்தான் ஏனென்று கேட்டிருப்பார்கள்.

“தலைவரே, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?” என்றார் சதாசிவம்.

ஜெயபாலன் பொட்டைக் காட்டினார். காட்டிய விரல் பாதியில் நின்றது.

“கழட்டும்போதே பாத்தேன்” என்றார் சன்னமாக. “மங்களகரமா இருந்துச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டேன்.”

“நெத்தின்னு நெனச்சுக் கண்ணுல வச்சிட்டாங்க போல. அப்புறம் எங்க இருந்து பாக்கும், பாவம்?” என்றார் சதாசிவம்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மூன்றாவது வரிசையில் புஷ்பலதா எழுந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, “புதுப் பொருளாச்சே, பொட்டு வைக்காம எப்படிங்க…” என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது. ஆனால் அதில் ஒரு கனிவு சேர்ந்துகொண்டது.

ஜெயபாலன் தன் நாற்காலியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். நாளையிலிருந்து இங்கேயும் அங்கிள்தான். தொண்டையைச் செருமி, “சொன்ன சொல்லு சொன்னதுதான். நான் என் பதவிய…” என்று தொடங்கினார்.

“வேணாம் தலைவரே” என்று சதாசிவம் தடுத்தார். “வீட்டம்மா பக்தியில செஞ்சது. அதுக்குப் போயி ராஜினாமாவா? மன்னிப்பும் வேணாம். இதோட விட்டுடுவோம்.”

கைதட்டல். பெருந்தன்மை என்பது எதிரியிடமிருந்து வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவேண்டும். ஜெயபாலனுக்கு அது தெரியாது. மைக்கை மறுபடி இறுக்கிப் பிடித்தார். முதுகு நிமிர்ந்தது.

“இந்த வேளையிலே என் துணைவியாரின் பக்தியை நினைச்சு நான் பெருமைப்படறேன். இன்னைக்குக் குற்றவாளி தப்பிச்சது அந்தப் பக்தியாலதான். ஆனா ஒண்ணு சொல்றேன்.” கை உயர்ந்தது. விரல் கூட்டத்தின் மேல் மெல்ல நகர்ந்தது. “அந்தக் குற்றவாளி இந்த மண்டபத்துக்குள்ளதான் உக்காந்திருக்காரு!”

“சவுண்டு கிடைச்சிடுச்சுண்ணே!” என்று மேசைக்கு அடியிலிருந்து சின்னையா சொன்னார்.

மண்டபத்தின் நான்கு மூலைப் பெட்டிகளும் ‘கொர்ர்’ என்றன. பழுப்பு இருட்டுக்குள் ஒரு கார் உறுமியது. அதன்பின் ஒரு பெண் குரல், தேங்காய் உடைத்தாற்போல் தெளிவாக வந்தது.

“மெதுவா ரிவர்ஸ் எடுங்கக்கா. பழைய எஸ்டேட் ஆபீஸு தூணு இடது பக்கம் இருக்கு, சுண்ணாம்பு அடிச்சது, பாத்து… பாத்து… தூணுக்கா! தூணு!”

‘கர்ர்ரக்.’

ஜெயபாலனின் விரல் இன்னும் காற்றிலேயே இருந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

“ஐயோ தினேஸு, மறுபடியும் அதே கதவு!” தினமும் காலையில் ‘கோப்பி ஆறுதுங்க’ என்று சொல்லும் அதே குரல். “எந்திரிச்சு வந்தாருன்னா பாத்துடுவாரே!”

“பாக்கட்டுமேக்கா, சதாசிவம் சாருன்னுதான் நெனைப்பாரு” என்றது முதல் குரல், மண்டபம் முழுக்க. “கேமரா கண்ணு மேலயே பாத்துத்தானே நீங்க சந்தனத்த அப்புனீங்க? உங்களுக்கு லைசன்ஸ் கிடைக்கற வரைக்கும் அண்ணன் கரண்டுதான் தேடிக்கிட்டிருப்பாரு லா!”